ஏழாமவள்

வியாழன் மாலை ஐந்தே காலுக்கு
அரபியில் பேசிக்கொண்டு வருவார்கள் ஏழு பேர்.
எங்களுக்கு அப்போது அரபி தெரியாது.
பெயர்களை நாங்களே வைத்தோம்:
மூக்கன், பச்சைச் சட்டை, இடிப்பயல்,
இரட்டையர் இருவருக்கும் சேர்த்து சோப்பு டப்பா
(ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை),
தலைவனுக்குத் தலைவன் என்றே.
ஏழாவது, டார்ச்லைட்டு அக்கா.

குதைபியாவில் இரண்டாம் மாடி.
கீழே இஸ்திரிக் கடை. நீராவி
படியேறி எங்கள் வாசல்வரை வரும்.
கார்ட்டூன் முடியும் நேரத்தில்
அக்கா வலது கையை உயர்த்துவாள்.
உள்ளங்கையிலிருந்து ஒரு வெளிச்சம் கிளம்பும்.
அது போய்ச் சேர்வதற்குள்
அப்பா செய்திக்கு மாற்றிவிடுவார்.

இப்போது எனக்கு நாற்பத்திரண்டு.
பல் லேபில் வேலை.
யார் யார் வாய்க்கோ கடைவாய்ப்பல் செதுக்கி
அந்தச் சம்பளத்தில் பொம்மை வாங்குகிறேன்.
பொம்மை என்றால் ரென்ஸோவுக்குக் கோபம் வரும்,
ஃபிகர் என்று சொல்ல வேண்டும்.
அவன் அட்டையைப் பிரிப்பதே இல்லை.
அவனுடைய வீரர்கள் இத்தனை வருடமாக
வெளிக்காற்று படாமல் நிற்கிறார்கள்.
என்னுடையவர்கள் ஜன்னலோரம்,
மணற்காற்று அடித்த மறுநாள்
ஈரத்துணிக்கு முகம் காட்டிக்கொண்டு.

ஆறு பேரைச் சேர்க்க ஒன்பது வருடம்.
மூக்கன் கிடைத்தது முஹரக்கில்,
வீட்டைக் காலிசெய்யும் ஒரு குடும்பத்தின்
பாத்திர மூட்டைக்கு அடியில்.
குக்கர், இட்லித் தட்டு, மூக்கன்,
மூன்றையும் சேர்த்தால்தான் தருவேன் என்றார் அந்த அம்மா.
குக்கருக்கு விசில் இல்லை.
இட்லித் தட்டு இன்றும் உழைக்கிறது.

அக்கா மட்டும் அகப்படவில்லை.
பையன்கள் வாங்க மாட்டார்களென்று
கம்பெனி அவளைக் கொஞ்சமாகத்தான் வார்த்ததாம்.
கடைக்கு வரும் பெட்டியில் பன்னிரண்டு பேர் இருந்தால்
அதில் ஒருத்தி.

போன மார்ச்சில், ஈசா டவுன் சந்தையில்,
செத்த ரிமோட்டுகளின் குவியலில்
குப்புறக் கிடந்தாள்.
திருப்பினேன்.
ஒரு கை மணிக்கட்டோடு போயிருந்தது.
எந்தக் கை?
அந்தக் கைதான்.

அலட்சியம்போல முகத்தை வைத்துக்கொண்டு
இது எவ்வளவு என்றேன்.
கடைக்காரர் அவளைப் போனில் படமெடுத்து
எங்கோ தேடிப் பார்த்துவிட்டு
முப்பது தினார் என்றார்.
கை இல்லையே.
கை இருந்தால் முந்நூறு.
பதினெட்டில் முடிந்தது.
அந்த மாதம் பார்லருக்குப் போகவில்லை.

தொடாதே, என்றான் ரென்ஸோ.
உடைந்தாலும் அசல் அசல்தான்,
ஒட்டுப்போட்டால் விலை போச்சு.

டொரன்டோவிலிருக்கும் அண்ணன் ஜெபஸ்டினுக்கு
வீடியோவில் காட்டினேன்.
சோப்பு டப்பாவை உடனே கண்டுகொண்டான்.
இது யாரு, என்றான்.
டார்ச்லைட்டு அக்கா.
அவன் கொஞ்சம் யோசித்தான். பின்னால் பனி பெய்தது.
ஆறு பேர்தானே இருந்தாங்க?

எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது.
இட்லி ஊற்றினேன்.

மறுநாள் மதிய இடைவேளை.
மீன் வியாபாரி யாகூபின் முன்பல்லுக்குக் கலந்த
அக்ரிலிக்கில் கொஞ்சம் மிச்சம்.
ஏ-டூ ஷேடு. ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று
சொல்லிவிடும் நிறம்.
அவள் மணிக்கட்டில் நூல்போல ஒரு கம்பி நட்டு
இறுகுவதற்குள் பிசைந்து வைத்தேன்.
பிறகு பல் ராவும் கருவியால் விரல் பிரித்தேன்.
சுண்டுவிரல் அரைச் சீரகம் அளவு.
இரண்டுமுறை உடைந்தது.
மூன்றாவதில் நின்றது.
உடம்பின் நிறத்துக்கும் கைக்கும் சம்பந்தமே இல்லை.
உயர்த்திவைத்தேன்.
விலை போனது.

வியாழக்கிழமை யாகூப் பல் பொருத்த வந்தார்.
டாக்டர் சரிபார்க்க என்னையும் கூப்பிட்டார்.
கண்ணாடியைக் கையில் கொடுத்தோம்.
அவர் நம்பாமல், முதலில் உதட்டை மட்டும் தூக்கி,
பிறகு வாய் முழுக்கச் சிரித்து
எப்படி இருக்கிறது என்றார் அரபியில்.

இப்போது எனக்கு அரபி தெரியும்.
அவர் வாய்க்குள் தெரிந்த
என் அக்காவின் கையைப் பார்த்தபடி
நன்றாகப் பொருந்தியிருக்கிறது என்றேன்.